மாநகரம் என்றொரு பல்லி

பத்துமலையின் வரலாறு என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே வரிசைதான் வாயில் வரும். தம்புசாமிப் பிள்ளை குகையின் வாயைப் பார்த்தார், அது வேல் மாதிரி தெரிந்தது, முருகனை வைத்தார். 1892 முதல் தைப்பூசம். 1920இல் மரப்படிகள், பிறகு 272 சிமெண்டுப் படிகள். 2006இல் 42.7 மீட்டர் உயரத்தில் முருகன் சிலை. 2010இல் கொமுட்டர் ரயில். 2018இல் படிகளுக்கு வண்ணம். தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னாலும் இதைத்தான் எழுதுவோம். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வோம்.

இந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஓர் ஆண்டு 2014. அந்த ஆண்டு லீ கிரிஸ்மர், பெர்ரி வுட், சான் கின் ஓன், ஷாருல் அனுவார், முகமட் அப்துல் முயின் ஆகிய ஐந்து பேர் 'சூடாக்சா' என்ற ஆய்விதழில் பத்துமலையில் வாழும் ஒரு பல்லியைப் புதிய இனமாக அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சைர்டோடாக்டைலஸ் மெட்ரோபோலிஸ். மெட்ரோபோலிஸ் என்றால் மாநகரம். பத்துமலைக்கு மட்டுமே உரிய ஒரே முதுகெலும்புள்ள உயிரினம் இதுதான் என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து 13 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் மலை. நூறாண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் வந்துபோன குகை. அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பல்லிக்கு 2014 வரை பெயரே இல்லை! இது எப்படி நடந்தது? எனக்கு இதுதான் பத்துமலை வரலாற்றின் சுவாரசியமான கேள்வியாகத் தெரிகிறது.

*

முதலில் பல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுச் சுவரில் டியூப்லைட் பக்கத்தில் நிற்கும் பல்லி, மலாய்க்காரர்கள் 'சிச்சாக்' என்று கூப்பிடும் அந்தப் பல்லி, கண்ணாடியில்கூட ஏறும். அதன் விரல்களுக்கு அடியில் அகலமான பட்டைகள் உண்டு. அந்தப் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள். சுவரின் மூலக்கூறுகளுக்கும் மயிர் நுனிகளுக்கும் இடையே உண்டாகும் மிகச் சிறிய ஈர்ப்பு, எல்லாம் சேர்ந்து ஒரு பல்லியையே தாங்கிவிடுகிறது. பசை கிடையாது, உறிஞ்சும் குப்பி கிடையாது.

பத்துமலைப் பல்லிக்கு அந்த வசதி இல்லை. அதன் விரல்கள் மெலிந்தவை, நடுவில் மடங்கி வளைந்தவை, நுனியில் நகம். சைர்டோடாக்டைலஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'வளைந்த விரல்' என்றுதான் அர்த்தம். தமிழில் வளைவிரல் பல்லி என்று சொல்லலாம். கண்ணாடியும் டைல்ஸும் இதற்கு ஆகாது. சொரசொரப்பான பரப்பு வேண்டும், நகம் மாட்டுவதற்குப் பிடி வேண்டும். சுண்ணாம்புப் பாறை இரண்டையும் கொடுக்கிறது.

இந்தப் பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. உலகில் முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு இனங்கள் கொண்ட பேரினங்கள் மிகக் குறைவு. இந்தப் பல்லிகள் இரவில் நடமாடுபவை. பகலில் பாறை வெடிப்புக்குள், குகையின் அரையிருட்டில் அடங்கிக் கிடக்கும். இருட்டியதும் வெளியே வந்து, பாறைச் சுவரில் அசையாமல் காத்திருந்து பூச்சிகளைப் பிடிக்கும். கண்ணுக்கு இமை கிடையாது. தூசி விழுந்தால் நாக்காலேயே துடைத்துக்கொள்ளும். கண்மணி பூனைக்கு இருப்பதுபோலச் செங்குத்துக் கீற்று. ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள். ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். பிறகு முளைக்கும் வால் பழையதைப் போல இருக்காது.

ஆக, இதன் முழு வாழ்க்கையும் ஒரு வெடிப்பை நம்பி இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்குவது அதில்தான். பாம்புக்குத் தப்புவதும் அதில்தான். முட்டை வைப்பதும் அப்படிப்பட்ட இடுக்கில்தான்.

*

அந்த வெடிப்பு எப்படி வந்தது? இங்கேதான் என் தொழில் கொஞ்சம் உள்ளே வருகிறது. பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்தபோது சுண்ணாம்புப் பாறை என்றாலே எங்களுக்குத் தலைவலி. கிரானைட் நேர்மையானது, துளை போட்டால் உள்ளே என்ன என்று ஓரளவு ஊகிக்கலாம். சுண்ணாம்புக்கல் அப்படி இல்லை. இங்கே துளை போட்டால் பத்து மீட்டரில் பாறை, நாலடி தள்ளிப் போட்டால் முப்பது மீட்டரிலும் சேறு.

காரணம் மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு விரல் நுழையும் சந்து, பிறகு ஆள் நுழையும் பொந்து, கடைசியில் கோயில் கட்டும் அளவுக்குக் குகை. பத்துமலைப் பாறைக்கு வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள். கடலடியில் படிந்த சுண்ணாம்பு அது. கரைப்பதற்கு மழைக்கு அவசரமே இல்லை.

இதே பாறைதான் கோலாலம்பூர் நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியிலும் கிடக்கிறது. இரட்டைக் கோபுரத்தைக் கட்டும்போது, முதலில் குறித்த இடத்தில் பாறை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் ஆழத்திலும் இருந்ததால் கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். அடித்தளம் 100 மீட்டருக்கும் கீழே போனது. 2007இல் திறந்த 'ஸ்மார்ட்' சுரங்கமும் இந்தப் பாறையோடு மல்லுக்கட்டித்தான் முடிந்தது. நகரத்தின் அடியில் ஒளிந்திருக்கும் அந்தப் பாறை தலையை வெளியே நீட்டும் இடம் பத்துமலை. மலாயில் 'பாத்து' என்றால் கல். நாம் 'பத்து' என்று எண்ணைச் சொல்வதுபோலச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பது கல்தான்.

சுற்றிலும் சமவெளி, நடுவில் தனியாக ஒரு சுண்ணாம்பு மலை. பாறை வெடிப்பை விட்டால் பிழைக்கத் தெரியாத பல்லிக்கு அது கடல் நடுவே ஒரு தீவு. பக்கத்து மலைக்குப் போக வழியில்லை, அங்கிருந்து யாரும் வருவதுமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஒரு கட்டத்தில் தனி இனமாகிவிடுகின்றன. தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கணக்கான சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. பல குன்றுகளுக்கு அதற்கென்றே ஒரு பல்லியோ நத்தையோ செடியோ உண்டு. கெடாவிலும் பெர்லிசிலும் பேராவிலும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

*

சரி, பத்துமலைக்கு யாருமே போகாமல் இருந்தார்களா? அதுதான் இல்லை.

தெமுவான் மக்கள் வேட்டைக்கு வரும்போது குகைவாயில்களில் தங்கினார்கள். 1860களில் சீனர்கள் வௌவால் எச்சத்தைத் தோண்டி எடுத்துத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள். 1878இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர், சிலாங்கூர் போலீஸ் அதிகாரி சையர்ஸோடு இங்கே வந்தார். பிறகு 1885இல் வெளியான தன் பயண நூலில் இந்தக் குகைகளைப் பற்றி எழுதினார். வெளியுலகத்துக்குப் பத்துமலை தெரிந்தது அப்படித்தான்.

1890களின் இறுதியில் ஹென்றி ரிட்லி வந்தார். இந்த மனிதரை நாம் வேறு ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக இருந்தவர். மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையை உருவாக்கி, காண்பவர் கையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டிருந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவர் விதைத்த ரப்பர்தான் நம் முப்பாட்டன்களை இங்கே ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இழுத்து வந்தது. அதே ரிட்லி பத்துமலையின் இருட்டுக் குகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உயிர்களைத் தேடியிருக்கிறார். அங்கே வௌவாலைத் தின்று வாழும் வெளிறிய குகைப் பாம்பின் அறிவியல் பெயரில் 'ரிட்லி' இன்றும் இருக்கிறது.

அதன்பிறகும் வரிசை நிற்கவில்லை. 1923இல் இருட்டுக் குகையின் பொறிக்கதவுச் சிலந்திக்குப் பெயர் வைத்தார்கள். வயிற்றில் கண்டங்கள் தெரியும் அந்தச் சிலந்தி பழங்காலத்திலிருந்து அதிகம் மாறாமல் வந்த ஒரு குலத்தின் வாரிசு. 1929இல் பத்துமலைக் குகைகளின் உயிரினங்களைப் பற்றி ஒரு தொகுப்பே வந்தது. 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை பல கிலோமீட்டர் பறந்துபோய்க் கடலோரச் சதுப்பு மரங்களின் பூவில் தேன் குடிப்பதைக் கண்டுபிடித்தார்கள். டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் அதே வௌவால்தான். அதாவது நாம் சாப்பிடும் டுரியானுக்குப் பின்னாலும் இந்த மாதிரிக் குகைகள் இருக்கின்றன.

பாம்பு, சிலந்தி, வௌவால். மூன்றும் விசித்திரமானவை. இருட்டுக்குள்ளே போய்த் தேடும் ஆளுக்குப் பெருமை தரக்கூடியவை. பல்லி அப்படி இல்லையே. பல்லி என்றால் பல்லிதான். ராத்திரி நேரத்தில் சுவரில் ஒன்றைப் பார்த்தால் யார் நின்று அதன் விரலை எண்ணப் போகிறார்கள்? பக்தர் மேலே முருகனைப் பார்த்துக்கொண்டு ஏறினார். சுற்றுலாப் பயணி குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். விஞ்ஞானி இருட்டுக்குள் போனார். பல்லி மூன்று பேர் பார்வைக்கும் நடுவில் இருந்தது. நூறாண்டுத் தாமதத்துக்கு எனக்குத் தோன்றும் காரணம் இவ்வளவுதான்: அது ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உலகத்திலேயே பல்லியின் சத்தத்தைக் கவனமாகக் கேட்டவர்கள் என்று பட்டியல் போட்டால் தமிழர்களுக்கு அதில் நிச்சயம் இடமுண்டு. பேச்சு நடுவே 'ச்சு ச்சு' என்றால் "பார், பல்லியே சொல்லிருச்சு" என்று பாட்டி விரலால் தரையைத் தட்டுவார். எந்தத் திசையில் சொன்னால் என்ன, தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் அட்டவணையே இருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப்பல்லி, வெள்ளிப்பல்லியைத் தொட்டுக் கும்பிட வரிசை நிற்கும். சங்க இலக்கியத்தில் நற்றிணையின் 98ஆம் பாட்டில் தினைப்புனத்துக்குள் நுழையப்போகும் காட்டுப்பன்றி, பல்லி சொல்வதைக் கேட்டுத் தயங்கிப் பின்வாங்கித் தன் கல்லளைக்கே திரும்பிவிடும். பன்றிகூடப் பல்லி பேச்சைக் கேட்ட மரபு நம்முடையது! ஆனால் பல்லி நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டோமே தவிர, பல்லியைப் பற்றி நாம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

*

ஒரு பல்லிக்குப் பெயர் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? பெயர் இல்லாமலேயே இத்தனை காலம் வாழ்ந்ததுதானே என்று கேட்கலாம். பல்லிக்குப் பெயர் வேண்டியதில்லை. மலைக்குத்தான் வேண்டும்.

சுண்ணாம்புக் குன்று என்பது சிமெண்டுக்காரர் கண்ணில் அடுக்கி வைத்த மூலப்பொருள். சாலைக்கு ஜல்லி, வீட்டுக்குச் சிமெண்டு, எல்லாம் இதிலிருந்துதான். நானும் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் யாரையும் திட்ட வரவில்லை. ஆனால் ஒரு மலையை உடைக்கும்முன் சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையில் உயிரினங்களின் பட்டியல் வரும். பட்டியலில் பெயர்தான் ஏறும். பெயர் இல்லாத உயிர் அந்தத் தாளில் இல்லை. தாளில் இல்லாததைக் காப்பாற்று என்று யாரும் கேட்க முடியாது.

பேராவில் குனோங் கந்தான் குன்றில் இது நேரடியாக நடந்தது. கல் வெட்டும் வேலை விரிவடையப்போகும் நேரத்தில், 2014இல், அங்கிருந்த ஒரு வளைவிரல் பல்லிக்கு அந்தக் குகையின் பெயரையே வைத்து அறிவித்தார்கள். அதே ஆண்டு அங்கே கிடைத்த ஒரு குட்டி நத்தைக்கு அந்தச் சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! அந்த நத்தை அழிந்தால் எந்தப் பெயரோடு அழியும் என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்ற கெட்டிக்காரத்தனம்.

பகாங்கில் கதை வேறு மாதிரி முடிந்தது. குவாந்தான் பக்கத்தில் புக்கிட் பாஞ்சிங் என்றொரு குன்று இருந்தது. சில மில்லிமீட்டரே இருக்கும் ஒரு நத்தை அந்தக் குன்றுக்கு மட்டுமே சொந்தம். குன்றை முழுக்க வெட்டி எடுத்துவிட்டார்கள். நத்தை இன்று அழிந்துபோன இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே புக்கிட் சாராஸ் என்ற குன்று இன்னும் நிற்கிறது. அந்தக் குகைக்குள் சயனித்த நிலையில் ஒரு பெரிய புத்தர் சிலை உண்டு.

இந்த இரண்டு குன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பத்துமலையை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பத்துமலையிலும் கல் வெட்டினார்கள். பல பத்தாண்டுகள் வெடி வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1980ஐ ஒட்டித்தான் அது ஓய்ந்தது. கோயில் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த எதிர்ப்புக்கு எவ்வளவு குரல் கிடைத்திருக்கும்? 2012இல் அடிவாரத்தில் 29 மாடி அடுக்குமாடித் திட்டம் வந்தபோதும் கூட்டம் திரண்டது கோயிலை முன்வைத்துத்தான். வேலை நிறுத்தப்பட்டது. அப்போது பல்லிக்குப் பெயர் வைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அது தன் வெடிப்புக்குள் சும்மா இருந்தது. அதற்காக யாரும் பேசவில்லை, ஆனால் முருகனுக்காகப் பேசிய குரல் அதையும் சேர்த்துக் காப்பாற்றியது. தம்புசாமிப் பிள்ளை நட்ட வேலுக்கு இப்படி ஒரு கணக்கும் உண்டு.

*

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். கோயில் மலையைக் காத்தது. கோயிலே மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும் செய்கிறது. ஒவ்வொரு ஆண்டும் விளக்கு கூடுகிறது, சிமெண்டுத் தளம் கூடுகிறது, டைல்ஸ் கூடுகிறது. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு வீட்டுப் பல்லி வரும். டைல்ஸும் அதற்குப் பிரச்சினை இல்லை. வளைவிரல் பல்லிக்கு அந்தச் சுவரில் பிடி இல்லை.

பாறைச் சரிவு என்ற உண்மையான ஆபத்தும் இருக்கிறது. 1973இல் ஈப்போ குனோங் செரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். லட்சம் பேர் நிற்கும் இடத்தில் மேலே ஆடும் கல்லை அப்படியே விட முடியாது. ஆனால் வழிகள் பல உண்டு. சிமெண்டுக் கலவையைச் சரிவு முழுவதும் பீய்ச்சி மூடிவிடலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் வெடிப்பு எல்லாம் அடைபடும். அல்லது ஆபத்தான கல்லை மட்டும் அடையாளம் கண்டு, துளையிட்டு இரும்புக் கம்பியால் பிணைத்து, மேலே கம்பி வலை போடலாம். வெடிப்பு திறந்தே இருக்கும், கல்லும் விழாது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் என்னைப் போன்ற ஒரு பொறியாளர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இப்படி ஒரு பல்லி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்பார். தெரியாவிட்டால் விலை குறைவானது எதுவோ அதுதான்.

தெரியவைப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை. 272 படிகளைப் பற்றிச் சொல்லும் பலகையில் ஒரு வரி போதும். தமிழ்ப்பள்ளிக் கட்டுரையில் வேல் வடிவக் குகைவாயிலுக்கு அடுத்து ஒரு பத்தி போதும். இருட்டுக் குகை 2019 முதல் பொதுமக்களுக்கு மூடிக் கிடக்கிறது. திறந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். அதுவரை, தைப்பூச இரவில் காவடியோடு வரிசையில் நகராமல் நிற்கும்போது, விளக்கு விழாத பக்கத்துப் பாறையைக் கொஞ்சம் பாருங்கள். விரல் வளைந்து நகம் பதித்து ஒன்று அசையாமல் இருந்தால் அது வீட்டுப் பல்லி இல்லை. அதன் பெயர் மாநகரம். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காதீர்கள், அதற்கு இமை கிடையாது.